ஷாம்பெயின் எந்த ஊர்?

போன மார்கழி 31ஆம் திகதி இரவு எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஆறு போத்தல் நுரை வைன் திறந்தோம். குடித்துக் கூத்தடிக்க இல்லை. (சரி, அதற்கும்தான்.) எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் குடித்துப் பார்த்து, எது உண்மையான ஷாம்பெயின் என்று கண்டுபிடிப்பதுதான் போட்டி. ரொறன்ரோவில் இருந்து வரும் இலவசத் தமிழ்ப் பேப்பரில் ஆறையும் சுற்றி, கழுத்தில் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் போட்டு வைத்தது என் மனிசி. நாலாம் இலக்கத்தின் வயிற்றில் மரண அறிவித்தல் பக்கம் வந்துவிட்டது. 'வருசப் பிறப்பும் அதுவுமாய் இது என்ன சகுனம்' என்று புங்குடுதீவு அண்ணை அதைத் திருப்பி வைத்தார்.

புங்குடுதீவு அண்ணைக்கு ஒரு பெயர் இருக்கிறது. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர் கரவெட்டி மாஸ்ரர். அவர்கள் இருவருக்கும் நான் வசாவிளான். ஊரில் யாரும் யாரையும் ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை, எல்லோரும் ஒரே ஊர்தானே. வெளியில் வந்த பிறகுதான் ஊர் பெயராகிறது. இந்தக் கட்டுரையும் கடைசியில் அதைப் பற்றித்தான். ஆனால் நுரையில் இருந்து தொடங்குவோம்.

நான் முதன்முதல் ஷாம்பெயின் குடித்தது 1987 மார்கழி 31. மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கி நாலு மாதம். நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 1986 ஓகஸ்டுக்கு அடுத்த வருடம், 'தமிழ் அகதி' என்றால் மொன்றியல் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாக இருந்த காலம். சென் டெனி வீதியில் ஒரு பிரெஞ்சு றெஸ்ரோரண்ட்டில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. நள்ளிரவு தாண்டி மேசைகளில் இருந்து நீட்டு நீட்டான மெல்லிய கிளாஸ்கள் தட்டுத் தட்டாய் வந்து இறங்கின. ஒன்றில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. சமையல்காரன், ஹெயிற்றிக்காரன், கண்ணைக் காட்டினான். ஒரே மடக்கு.

நீங்கள் சிரிக்கலாம், எனக்கு உடனே ஞாபகம் வந்தது கள்ளு. காலையில் இறக்கின உடன் கள்ளு இல்லை, அது இனிப்பு. மத்தியானம் தாண்டின கள்ளு. மூக்குக்குள் ஏறும் அந்தச் சுரீர், நாக்கின் ஓரத்தில் வருகிற புளிப்பு, பின்னால் மெல்லிசாய் ஒரு மா வாசம். உலகத்துப் பணக்காரன் எல்லாம் கொண்டாடுகிற சாமான் இதுவா, இது எங்கள் தவறணையில் பிளாவில் வார்த்துத் தருகிற சாமான் அல்லவா என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு முழுப் பிழை இல்லை என்று பிறகு படித்தபோது தெரிந்தது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஈஸ்ற் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் காபனீரொட்சைட்டையும் கக்குகிறது. முட்டியில் வாய் திறந்திருப்பதால் வாயு நுரையாய்ப் பொங்கிப் போய்விடும். போத்தலில் அடைத்தால் போக வழியில்லாமல் திரவத்துக்குள்ளேயே கரைந்து கிடக்கும், தக்கையைத் திறக்கிற மட்டும். ஷாம்பெயின் போத்தலுக்குள் கிட்டத்தட்ட 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் ரயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இதை என் சின்னமாமா ஏட்டுக் கல்வி இல்லாமலே நிரூபித்தவர். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். பின்னேரத்துக்கு வேண்டும் என்று ஒரு சாராயப் போத்தலில் கள்ளை நிரப்பி, தக்கையை இறுக்கி, கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தார். மத்தியானம் வீடே அதிர வெடித்தது. அம்மம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெடிச் சத்தம் கேட்டுச் சிரிக்கக்கூடிய காலம் அது.

இதே விபத்துத்தான் பிரான்சின் ஷாம்பெயின் பிரதேசத்தில் நூற்றாண்டுக் கணக்காக நடந்தது. அது குளிர்ப் பிரதேசம். இலையுதிர் காலத்தில் பிழிந்த முந்திரிகைச் சாறு (எங்கள் ஊரில் முந்திரிகை என்றால் திராட்சை, கஜுவை நாங்கள் மரமுந்திரிகை என்போம், இந்தியத் தமிழ் வாசகர்கள் குழம்ப வேண்டாம்) முழுதாய்ப் புளிக்க முன்னம் பனிக்காலம் வந்து ஈஸ்ற்றை உறங்க வைத்துவிடும். வசந்தத்தில் அது முழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். அதற்குள் வைன் போத்தலுக்குள் போயிருந்தால் வெடிதான். ஒரு போத்தல் வெடித்தால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வெடிக்கும். நிலவறையில் வேலை செய்தவர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு இறங்கிய காலம் இருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் தொம் பெரிஞோன் கதையைச் சொல்வார்கள். ஓவில்லேர் மடத்துத் துறவி, 1668 முதல் 1715இல் சாகும்வரை மடத்தின் நிலவறைப் பொறுப்பாளர், ஷாம்பெயினைக் 'கண்டுபிடித்தவர்' என்று. உண்மையில் அந்த மனுசன் நுரையை ஒரு குற்றமாய் நினைத்து அதை நிற்பாட்டப் பாடுபட்டவர். அவருடைய கெட்டித்தனம் வேறு தோட்டங்களின் சாறுகளைக் கலந்து நல்ல வைன் செய்வதில் இருந்தது. அவர் நிலவறைக்குப் பொறுப்பாக வர ஆறு வருடம் முன்பே, 1662இல், கிறிஸ்ரோபர் மெரெற் என்ற இங்கிலாந்துக்காரர் லண்டன் றோயல் சொசைற்றியில் ஒரு கட்டுரை வாசித்திருக்கிறார்: வைனுக்குச் சீனியும் பாகும் போட்டு நுரைக்க வைக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது என்று. இங்கிலாந்துக்காரரிடம் இருந்த இன்னொரு வசதி, நிலக்கரி உலையில் வார்த்த தடித்த கண்ணாடிப் போத்தல். வெடிக்காது. பிரான்சுக்காரனுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், மொன்றியலில் வைத்துச் சொன்னாலும் வரும். சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உண்டு.

துறவிகள் என்றதும் எனக்கு வருவது வேறு நிலவறை. வசாவிளானுக்குப் பக்கத்தில் தோலகட்டி. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் அங்கே இருந்தது. பேசாத் துறவிகள் என்போம். நெல்லி ரசத்துக்கும் முந்திரிகை ரசத்துக்கும் குடாநாடு முழுக்கப் பெயர் பெற்ற இடம். பிள்ளை பெற்ற வீடு, காய்ச்சல் வீடு எல்லாவற்றுக்கும் தோலகட்டி நெல்லி ரசம் போகும். பந்தலில் காய்த்த குலைகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். செம்மண்ணில், அந்த வெயிலில், முந்திரிகை! 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு முழுதும் எழும்பி ஓடியபோது ஆச்சிரமமும் எழும்பியது. எங்கள் வீடும்தான். நான் அப்போது இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஐயாவும் அம்மாவும் ஒரு சைக்கிளும் இரண்டு பையும்.

சரி, கதைக்கு வருவம்.

ஷாம்பெயினை வியாபாரமாக்கியதில் ஒரு விதவைக்குப் பெரிய பங்கு. பார்ப் நிக்கோல் கிளிக்கோ, 1805இல் புருசன் சாகும்போது வயது 27. அந்தக் காலத்தில் பிரான்சில் கலியாணம் கட்டின பெண் தன் பெயரில் வியாபாரம் செய்ய முடியாது, விதவை செய்யலாம். அந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து வந்தவ. நுரை வைனின் பெரிய தலையிடி, இரண்டாம் முறை புளித்த பின் போத்தல் அடியில் படிகிற மண்டி. அவவுடைய நிலவறையில்தான் போத்தல்களைத் துளையிட்ட மேசையில் தலைகீழாய்ச் செருகி, நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து துப்ப வைக்கும் வழி பிடிபட்டது. 1814இல் நெப்போலியன் தோற்ற கையோடு றஷ்யாவுக்குக் கப்பல் அனுப்பி மற்றக் கம்பனிகளை முந்திக்கொண்டா. இன்றைக்கும் 'விதவை' என்ற சொல் அந்த மஞ்சள் லேபிளில் இருக்கிறது. எங்கள் சனம் அதைக் கலியாண வீட்டில் வைத்து உடைக்கிறது, பிரெஞ்சு தெரியாத புண்ணியம்.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி கம்பனிகளின் கதை இல்லை. தோட்டக்காரரின் கதை.

முந்திரிகை பயிரிட்டவன் ஒருவன், நுரை வைனாக்கி விற்றவன் இன்னொருவன். ரெயில் வந்த பிறகு கம்பனிகள் தெற்கில் இருந்து மலிவுச் சாறு இறக்கி, அதையும் ஷாம்பெயின் என்று விற்றன. சொந்த மண்ணில் விளைந்ததை வாங்க ஆளில்லை. பூச்சியும் பூஞ்சணமும் வேறு. 1911 தையில் தோட்டக்காரர் கிளம்பினார்கள், வெளிச்சாறு வந்த பீப்பாய்களை ஆற்றில் கவிழ்த்தார்கள். சித்திரையில் ஆயி என்ற ஊர் எரிந்தது, பட்டாளம் வந்தது. இன்னொரு பக்கத்தில், 1908இல் கீறின எல்லைக்கு வெளியே விடப்பட்ட ஓப் மாவட்டத்துச் சனம், 'நாங்களும் ஷாம்பெயின்தான்' என்று கொடி பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஷாம்பெயின் சிற்றரசின் தலைநகர் திறுவா அந்த ஓப் மாவட்டத்தில்தான் இருக்கிறது! அவர்களை முழுதாய் உள்ளே எடுக்க 1927 ஆகிவிட்டது. ஒரு கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சனம் அடிபட்டது குடிக்காக அல்ல. கோட்டுக்கு வெளியே நின்றால் உன் மண்ணுக்கு விலையில்லை.

பிறகு 1914. றான்ஸ் நகரத்தின் தேவாலயம் புரட்டாசி 19இல் ஜேர்மன் ஷெல்லில் எரிந்தது. போர்முனை நகரத்தின் வாசலில் வந்து வருடக் கணக்காய் நின்றது. சனம் எங்கே போவது? ஷாம்பெயின் கம்பனிகளின் நிலவறைகளுக்குள். றோமர் காலத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளங்களை இணைத்துச் செய்த, மைல் கணக்கில் ஓடும் சுரங்கங்கள் அவை. அங்கேயே சமைத்தார்கள், படுத்தார்கள். அந்த மார்கழியிலேயே போத்தல் அடுக்குகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. நச்சுப் புகை முகமூடியோடு பிள்ளைகள் வாங்கில் இருக்கும் படங்கள் இன்றும் இருக்கின்றன. மேலே ஷெல் விழ விழ ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பழம் பறித்தார்கள், அதில் செத்தவர்களும் உண்டு. 1918 வசந்தத்தில் மிச்சம் இருந்த சனத்தையும் வெளியேற்றினார்கள்.

இதை முதன்முதல் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பங்கருக்குள் இருந்து சோதனைக்குப் படித்த எங்கள் பிள்ளைகளைப் பற்றி யாருக்காவது சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இரக்கப்பட்டுவிட்டு நேரத்தைப் பார்ப்பார்கள். றான்ஸ்காரனுக்கு விளங்கும்.

இனிப் பெயருக்கு வருகிறேன். இதில் எங்கள் கியூபெக்குக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்று இங்கே இருக்கிற பலருக்குத் தெரியாது.

கனடாவில் 'கனேடியன் ஷாம்பெயின்' என்று ஒரு சாமான் விற்றார்கள். நயாகராவில் விளைந்த பழம். விலை மலிவு, தலையிடி நிச்சயம். 1933இல் கனடாவும் பிரான்சும் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் ஒருவர் நாட்டு ஊர்ப் பெயர்களை மற்றவர் காப்பது என்று எழுதியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பிரான்சின் பெயர்க்காப்பு நிறுவனமும் ஷாம்பெயின் கம்பனிகளும் ஷாத்தோ கே என்ற நயாகராக் கம்பனிக்கு எதிராக 1960களில் கியூபெக் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். கியூபெக்கில் வென்றார்கள். வழக்கு ஒட்டாவா உச்ச நீதிமன்றம் வரை போய் 1974இல் அங்கேயும் பிரான்சுப் பக்கமே தீர்ந்தது. ஆனால் கதை முடியவில்லை. சில வருடத்தில் கனடா அந்த ஒப்பந்தத்தில் இருந்தே விலகிக்கொண்டது. பிரான்சுக்காரர் ஒன்ராரியோவில் திரும்ப வழக்குப் போட்டார்கள். 1987இல் அங்கே தோற்றார்கள்: 'கனேடியன் ஷாம்பெயின் என்பது தனிச் சாமான், அதைப் பிரெஞ்சு ஷாம்பெயின் என்று யாரும் மயங்க மாட்டார்கள்' என்பது தீர்ப்பின் சாரம். கடைசியில் 2003இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டு, 2013 மார்கழி 31 இரவோடு கனேடியன் ஷாம்பெயின் செத்தது.

வேறு நாடுகளிலும் இதே அடிபிடிதான். ஸ்பெயின்காரர் 'ஸ்பானிய ஷாம்பெயின்' என்று இங்கிலாந்தில் விற்றதை 1960இல் லண்டன் நீதிமன்றம் நிற்பாட்டியது. பிறகு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் காவா. கற்றலன் மொழியில் நிலவறை என்று பொருள். பாவம் சுவிஸில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் இருக்கிறது, நுரை இல்லாத வெள்ளை வைன் செய்கிற ஊர், நூற்றாண்டுக் கணக்காய் அந்தப் பெயர். 2004 முதல் அவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் போத்தலில் எழுத முடியாது. இத்தாலியன் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். புரொசெக்கோ என்பது முந்திரிகை இனத்தின் பெயராய் இருந்தது. இனத்தின் பெயரை யாரும் எங்கேயும் போடலாம். 2009இல் அந்த இனத்துக்கு கிளேரா என்று வேறு பெயர் வைத்துவிட்டு, திரியெஸ்ற் நகரத்துக்குப் பக்கத்தில் புரொசெக்கோ என்று ஒரு சின்ன ஊர் இருப்பதைக் காட்டி, அதை ஊர்ப் பெயராக்கிச் சட்டத்தால் பூட்டிவிட்டான்.

எனக்கு இந்த வழக்குகளில் ஏன் இவ்வளவு நாட்டம் என்று மனிசி கேட்பா. காரணம் இருக்கிறது. 1987இல் இங்கே ஒரு அலுவலகத்தில் என் முதல் கடதாசியை நிரப்பியவர் பிறந்த இடம் கேட்டார். வசாவிளான் என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பெருமூச்சு விட்டுவிட்டு 'கொழும்பு' என்று அடித்தார். கொழும்பில் நான் பிறந்ததில்லை, விமானம் ஏற நாலு நாள் நின்றதோடு சரி. அந்தக் கடதாசியில் இருந்து அடுத்த கடதாசி, அதில் இருந்து இன்னொன்று. திருத்தப் போனால் அத்தாட்சி கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் எங்கே, பதிந்த கந்தோர் எங்கே, ஊரே வேலிக்கு உள்ளே. அதைத் திருத்த எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. நுரை வைனுக்கு நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன!

கள்ளுக்கும் யாரும் போடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். ஷாம்பெயினில் தோட்டக்காரன் தெருவுக்கு இறங்கித் தன் மண்ணின் பெயரைச் சட்டமாக்கினான். எங்களிடம் பனையில் ஏறியவனுக்குக் கிடைத்தது என்ன? அவன் தொழிலின் பெயரை நாங்கள் ஏச்சாக்கினோம். அவன் இறக்கியதை வாங்கிக் குடித்துவிட்டு அவனைப் படலைக்கு வெளியே நிற்க வைத்தோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து சீவல் தொழிலாளருக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வழி செய்தன. கள்ளைப் போத்தலில் அடைத்தார்கள், திக்கத்தில் வடிசாலை வந்தது. யுத்தம் அதையும் விடவில்லை. இப்போது ரொறன்ரோத் தமிழ்க்கடைகளில் போத்தல் கள்ளு இடைக்கிடை வரும். சூடாக்கி உயிரைக் கொன்ற கள்ளு அது, முட்டிக் கள்ளின் கால் தூசுக்கு வராது. அதை இந்தப் போட்டியில் ஏழாவதாய் வைக்கலாம் என்றார் மாஸ்ரர். நான் மாட்டேன் என்றேன். உறவினரைத் தோற்கப் பார்ப்பது கஷ்டம்.

சரி, ஆறு போத்தல். ஆறும் எஸ்.ஏ.கியூவில் வாங்கியது. கியூபெக்கில் சாராயமும் நல்ல வைனும் அரசாங்கக் கடையில்தான். வட அமெரிக்காவின் பெரும்பகுதி மதுவிலக்கில் வறண்டு கிடந்த 1921இல் கியூபெக் தானே கடை திறந்தது. அந்த நாளில் கம்பிக் கூட்டுக்குப் பின்னால் ஆள் நிற்பான், ஒரு தடவைக்கு ஒரு சாராயப் போத்தல்தான், வைன் எவ்வளவும் வாங்கலாம். அந்தச் சட்டத்தில் சைடரை எழுத மறந்துபோய், அப்பிள் சைடர் விற்பது 1970 வரை இங்கே சட்டவிரோதமாய் இருந்தது என்று பழைய கியூபெக்காரர் சொல்லிச் சிரிப்பார்கள். டெப்பனரில் வைன் வந்தது 1978இல்தான்.

முதலாம் இலக்கம் இனிப்பும் பேரிக்காய் வாசமுமாய் லேசாய் ஓடியது. புரொசெக்கோ என்று நான் உடனே பிடித்துவிட்டேன். அது போத்தலில் புளிப்பதில்லை, பெரிய உருக்குத் தாங்கியில் புளிக்க வைத்து அழுத்தத்தோடு அடைப்பது, அதனால் பழ வாசம் அப்படியே நிற்கும். மனிசிக்கு ஆறிலும் அதுதான் பிடித்தது. 'மற்றதெல்லாம் வயித்துக் குத்துக்கு மருந்துபோல இருக்கு.'

இரண்டாவதைக் குடித்துவிட்டுப் புங்குடுதீவு அண்ணை கண்ணை மூடினார். 'இதுதான் ஷாம்பெயின். அடிச்சுச் சொல்லுறன்.' அது காவா, இருபது டொலருக்கு உள்ளே. மூன்றாவது லுவார் ஆற்றங்கரைக் கிறெமொன். பிரான்சில் ஷாம்பெயின் எல்லைக்கு வெளியே அதே முறையில் செய்வதற்கு இந்தப் பெயர். நல்ல சாமான், ஆனால் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நாலாவதை, அதுதான் மரண அறிவித்தல், மாஸ்ரர் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

'இதுக்குள்ள பாண் மணக்குது.'

'பாணோ?'

'ஓம். வெதுப்பகத்துக்குப் பின்பக்கம் நிண்டமாதிரி. ஏதோ பழுதாப்போச்சு, எஸ்.ஏ.கியூவில திருப்பிக் குடுங்கோ.'

அதுதான் உண்மையான ஷாம்பெயின். அறுபது டொலருக்கு மேல். அந்தப் பாண் வாசத்துக்குத்தான் உலகம் காசு கொடுக்கிறது. செத்த ஈஸ்ற் மண்டியாய்ப் போத்தலுக்குள் கிடந்து மெல்ல மெல்லக் கரைகிறபோது வருவது. சட்டப்படி ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், ஒரே வருட விளைச்சலில் செய்ததென்றால் 3 வருடம். காவாவுக்கு 9 மாதம் போதும். மாஸ்ரர் சரியாக மணந்துதான் இருக்கிறார், தீர்ப்புத்தான் பிழை. எனக்கு அந்தப் போத்தல்தான் ஆறிலும் ஆழமானது, இதை ஒளிக்காமல் சொல்கிறேன். காவாவைப் போல மூன்று மடங்கு நல்லதா என்றால் இல்லை. மிச்சக் காசு பெயருக்கு.

ஐந்தாவது எங்கள் கியூபெக், டனம் கிராமத்து லோர்பையேர். 1982இல் தொடங்கிய தோட்டம். மாரியில் கொடி செத்துப்போகும் என்று அடியை மண்ணால் மூடி, வசந்தத்தில் மண்ணைக் கிளறி வெளியே எடுப்பார்கள். மணலில் பொன் அரிப்பவன் என்று பொருள்வரும் அந்தப் பெயரைக் கொடுத்தது கியூபெக்கின் பெரிய பாடகர் கவிஞர் ஜில் வினியோ. குளிர் தாங்கும் கலப்பின முந்திரிகையில் செய்தது. பச்சை அப்பிளைக் கடித்தமாதிரிச் சுள்ளென்று இருந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. ஆனால் மூவரும் அதைக் குறை சொல்லவில்லை. மண்ணுக்குக் கீழே மாரியைக் கழித்து எழும்பியதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆறாவதில்தான் எல்லோரும் அடங்கினோம். கூர்மையான புளிப்பு, ஆனால் வெட்டவில்லை. ஒரு உப்புக் காற்று. கடற்கரையில் நின்று உப்பும் தூளும் போட்ட மாங்காய் தின்ற மாதிரி என்றார் புங்குடுதீவு அண்ணை, கடல்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பேப்பரை உரித்தேன். நோவா ஸ்கொஷியா, காஸ்பரோப் பள்ளத்தாக்கு. பழத்தின் இனம் லக்காடி.

'லக்காடியோ? அது எங்கட மெற்றோ எல்லோ!'

உண்மைதான். 1988இல் அக்காடி மெற்றோ நிலையம் திறந்தபோது நாங்கள் மூவரும் பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். அந்தப் பக்கம் பணக்கார மவுன்ற் றோயல் ரவுண். நடுவில் லக்காடி வீதி, அதன் ஓரமாய் 1960இல் அடித்த நீட்டுக் கம்பி வேலி, எங்களைப் போன்றவர்கள் அங்கே போகாமல். எத்தனை மாரி அந்த வேலி ஓரமாய் நடந்திருப்போம். அக்காடி என்றால் என்ன என்று ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் சொன்னேன். இப்போதைய நோவா ஸ்கொஷியாப் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுச் சனத்தின் நாடு அக்காடி. கடலை அணை கட்டி மறித்து, சேற்று நிலத்தை வயலாக்கிய சனம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை, இவர்கள் எந்தப் பக்கமும் சத்தியம் செய்யமாட்டோம் என்றார்கள். 1755 புரட்டாசி 5ஆம் திகதி கிறான் பிறேத் தேவாலயத்துக்கு ஆண்களையும் பொடியன்களையும் வரச் சொன்னார்கள். 418 பேர் போனார்கள். கதவைப் பூட்டிவிட்டு அறிவித்தலை வாசித்தார்கள்: காணி, வீடு, மாடு எல்லாம் அரசருக்கு, நீங்கள் கப்பலுக்கு. அடுத்த எட்டு வருடத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தைக் கப்பல் கப்பலாய் ஏற்றிச் சிதற விட்டார்கள். ஊர்களை எரித்தார்கள். தப்பினவர்களில் கொஞ்சம் கியூபெக்குக்கு நடந்து வந்தது. இந்த வைன் விளைகிற காஸ்பரோப் பள்ளத்தாக்கு, கிறான் பிறேக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாஸ்ரர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. தேவாலயம் என்றதும் அவருக்கு நவாலி ஞாபகம் வந்திருக்கும். 1995 ஆடி 9இல் அந்தத் தேவாலயத்தில் ஒதுங்கிய சனத்துக்குள் அவருடைய அக்காவும் இருந்தா.

'பிறகு திரும்ப விட்டவங்களோ?' என்று கேட்டார் புங்குடுதீவு அண்ணை.

'1764இல விட்டவங்கள்.'

'சொந்தக் காணிக்கோ?'

'இல்லை. அதை அதுக்கு முதலே நியூ இங்கிலண்டில இருந்து ஆக்களைக் கொண்டுவந்து குடுத்தாச்சு. இவையள் வேற கரையளில போய் இருந்தவை.'

2016இல் நான் போனபோது எங்கள் காணி வேலிக்கு உள்ளேதான் இருந்தது. வெளியில் நின்று பார்த்தால் ஐயா நட்ட மாமரத்தின் தலை தெரிந்தது, காய்த்திருந்தது. அதை நான் அன்று சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

மேலே ரீவியில் பன்னிரண்டுக்கு எண்ணத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. மாஸ்ரர் ஆறாம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அடியில் நாலு விரல் இருந்தது. மூன்று கிளாசிலும் சரியாய்ப் பங்கிட்டு ஊற்றினார்.